பெட்டியின் முதுகு

அத்தியாயம் 7: அட்டையும் செய்தியும்

கேம் முடிந்த பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம், பெட்டி வந்த பிறகு பத்திரிகைக்காரர்களைத் தேடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், காசும் விட்டேன். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். கேம் பாதியில் இருக்கும்போதே பெட்டியின் பின்பக்கத்தை எழுதிவிடுங்கள். கேமைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் அதைப் படித்துவிட்டு "அப்புறம்?" என்று கேட்கும்வரை திருத்துங்கள். அந்த நாலு வரிதான் நாளைக்கு ஸ்டீம் இணையக் கடையின் பக்கத்தில் இருக்கும். நிருபருக்குப் போகும் வாட்ஸ்அப்பிலும் புத்தகத் திருவிழா ஸ்டாலில் தொங்கும் பேனரிலும் அதுவே இருக்கும். கடைசியில் நீங்கள் பெட்டியே அச்சடிக்காமல் போகலாம். அப்போதும் முதுகு வேண்டும்.

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மூட்டை வேறெங்கோ இருக்கும். வியாபாரியின் முன்னால் வருவது ஒரு சின்னப் பை சாம்பிள். தட்டில் கொட்டி, விரலால் கலைத்து, பச்சை எப்படி இருக்கிறது, காய் ஏழு எம்.எம்.மா எட்டு எம்.எம்.மா, வெடித்தது எத்தனை என்று ஒரு பார்வை. அவ்வளவுதான், விலையை அழுத்திவிடுவார். உங்கள் கேமை வாங்க வருபவரும் அதைப் பற்றி எழுத வருபவரும் இதே அவசரத்தில்தான் இருப்பார்கள். ஆனால் ஏலக்காய்க்கு இருக்கும் ஒரு வசதி நமக்கு இல்லை. எட்டு எம்.எம். காய் என்றால் என்னவென்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கேம் என்னவென்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாலு வரி

என் முதல் கேம் தண்ணீர் பங்கிடுவதைப் பற்றியது. இப்போது விற்பனையில் இல்லை என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு, முதல் போகத்துக்காக வழக்கமாக ஜூன் 1-ம் தேதி திறக்கப்படும். அணையில் இருப்பு குறைவாக இருந்தால் தள்ளிப்போவதும் உண்டு. அந்த ஒரு பருவத்தில் ஒரு நீர்ப்பாய்ச்சி படும் பாடுதான் கேம். அதன் பெட்டிக்குப் பின்னால் நான் முதலில் எழுதியது இது:

"கண்ணைக் கவரும் கிராபிக்ஸ்! மெய்மறக்கச் செய்யும் இசை! 30 நிலைகள்! கிராமத்து வாழ்வின் அழகை அனுபவியுங்கள்!"

சித்தியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பொங்கல் வாழ்த்து அட்டையாடா இது?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு எழுதியது:

"ஜூன் 1. தண்ணீர் திறந்தாச்சு. தலைமடையில் பத்து வயல், கடைமடையில் பத்து வயல். வருகிற தண்ணீர் பதினைந்து வயலுக்குத்தான் போதும். கடைமடையில் இருப்பது உங்கள் மாமனார் வயல்."

சித்தி சிரித்தார். கூடவே, "மாமனாருக்குத் திறந்துவிட்டா ஊர்க்காரன் சும்மா விடுவானா?" என்றும் கேட்டார். அந்தக் கேள்விதான் கேம். முதல் வடிவத்தில் இருந்த நான்கு வாக்கியங்களையும் வேறு எந்த கேமின் பெட்டியிலும் ஒட்டிவிடலாம். இரண்டாவதை ஒட்ட முடியாது. எழுதி முடித்ததும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: உங்கள் வரிகளை ஒரு கார் ரேஸ் கேமுக்கு மாட்டிப் பாருங்கள். பொருந்தினால் கிழித்துப் போடுங்கள்.

யார் நான், கையில் என்ன இருக்கிறது, எது போதவில்லை, தப்பினால் என்ன ஆகும். இந்த நான்கும் வந்துவிட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். எத்தனை நிலை, எத்தனை மணி நேரம் என்பதை நாலு வரிக்குள் கொண்டுவராதீர்கள். கீழே பொடி எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட 'வெண்பா'வை ஓர் உட்காரலில் முடித்துவிடலாம். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மா கையில் சிதைந்துபோன ஒரு சமையல் குறிப்பேடு. அழிந்த வரிகளை யூகித்துச் சமைக்க வேண்டும். முதல் பாடமே இட்லிதான். 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசும், அறிமுக கேமுக்கான பாஃப்டாவும் அதற்குக் கிடைத்தன. அதன் நீளத்தை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. 'அழிந்துபோன அம்மாவின் குறிப்பேடு' என்பதைக் கேட்டவுடன் நமக்கு ஒரு முகம் ஞாபகம் வந்துவிடுகிறது இல்லையா? அந்த மாதிரி ஒரு பொருள் உங்கள் கேமுக்குள்ளும் எங்கோ இருக்கும். அதைத் தோண்டி எடுத்து முதுகில் வையுங்கள்.

தாம்பூலப் பை

இப்போது நிஜப் பெட்டிக்கு வருவோம். முதலில் ஒரு கேள்வி: எதற்கு? இன்றைய லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை. பென் டிரைவில் கொடுத்தால், பள்ளிக்கூட லேபில் வைரஸ் பயத்தில் வாங்கவே மாட்டார்கள். வீட்டிலும் அப்பா ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் செருக விடுவார். ஆகவே பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்கப் போவது ஓர் அட்டை, அதில் ஒரு கீ. பழைய ரீசார்ஜ் கூப்பன் மாதிரி சுரண்டினால் எண் தெரியும். ஸ்டீமில் கேமை ஏற்றியவர்கள் இந்தக் கீ-க்களைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்கலாம். ஸ்டீமில் வாங்குபவருக்குக் கிடைக்காத மலிவு விலையில் வெளியே விற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஒரு கேமை ஸ்டீமில் ஏற்ற 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்ப வரும். இட்ச்.ஐஓ தளத்தில் அந்தக் கட்டணமும் இல்லை. கைப்பழக்கத்துக்கு அதில் தொடங்குங்கள்.

ஒரு எண்ணுக்காக ஒரு பெட்டியா என்றால், பெட்டிக்குள் வேறென்ன வைக்கிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. இந்தத் தொழில் பெட்டியில் ஆரம்பிக்கவே இல்லை, பையில் ஆரம்பித்தது. 1980-ஐ ஒட்டி, ரிச்சர்ட் கேரியட் என்ற பள்ளிக்கூடப் பையன் அமெரிக்காவின் டெக்சாஸில் தான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் 'அகலாபெத்' என்ற கேமை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றான். அட்டைப்படம் வரைந்தது அவன் அம்மா. பின்னால் 'அல்டிமா' வரிசையைக் கொண்டுவந்தவன் அந்தப் பையன்தான். 1982-ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தின் பெட்டிக்குள் துணியில் அச்சடித்த வரைபடம் இருந்தது. அதே ஆண்டு இன்ஃபோகாம் நிறுவனத்தின் 'டெட்லைன்' என்ற துப்பறியும் கேம் வந்தது. எழுதிய எல்லாவற்றையும் அன்றைய ஃபிளாப்பியில் அடைக்க இடமில்லை. சாட்சிகளின் வாக்குமூலம், ஆய்வக அறிக்கை, சம்பவ இடத்தில் கிடைத்த மாத்திரை என்று எல்லாவற்றையும் நிஜமாகவே செய்து கவருக்குள் போட்டுவிட்டார்கள். இடப் பற்றாக்குறைக்காகச் செய்ததற்காகவே மக்கள் பெட்டியை வாங்கத் தொடங்கினார்கள். ஃபிளாப்பியைக் காப்பி அடித்தவனுக்கு மாத்திரை கிடைக்காதே!

பிளாஸ்டிக் பை நமக்கு ஆகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. பேசாமல் மஞ்சப்பையிலேயே போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடித்துத் தரும் ஸ்கிரீன் பிரின்டிங் கடை நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. நூறு பைதான் வேண்டும் என்றாலும் மறுக்க மாட்டார்கள், முகூர்த்த நாள் நெருங்காமல் இருந்தால் சரி. இரண்டு நிறத்துக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் காசு. ஆண்டிபட்டிப் பக்கம் கைத்தறி இருக்கிறது. துணியில் ஒரு வாய்க்கால் வரைபடம் அடித்து மடித்து உள்ளே வைத்தால், கேமைக் கணினியிலிருந்து அழித்த பிறகும் அந்தத் துணி வீட்டில் கிடக்கும். என்னுடையதை ஒரு வீட்டில் மிக்ஸிக்கு மூடுதுணியாகப் பார்த்தேன். வருத்தப்படவில்லை, வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன வரைபடம் என்று கேட்கிறார்களாம்.

சிவகாசிக்குப் போனால்

அட்டைப்பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் எப்படியும் சிவகாசிக்குப் போய்ச் சேர்வார்கள். போகலாம். தீப்பெட்டிக்கு லேபிள் அடித்துப் பழகிய ஊர் அது. இரண்டு அங்குலத்துக்குள் ஒரு படம் தூரத்திலிருந்து எப்படித் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் போகும் மாதத்தைப் பாருங்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து வருடக் கடைசி வரை பிரஸ்ஸில் காலண்டரும் டைரியும்தான் ஓடும். அந்த நேரத்தில் முந்நூறு பெட்டியோடு போய் நின்றால், "அண்ணாச்சி தை பிறக்கட்டும் பார்ப்போம்" என்பார்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை பேசுவதற்கும் ஆள் இருக்கும், விலையும் இறங்கி வரும்.

ஆஃப்செட்டில் பிளேட்டுக்குத்தான் செலவு. நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் காசு ஒன்றே. அதனால் ஐந்நூறுக்குக் கீழே என்றால் டிஜிட்டல் பிரின்ட் கேளுங்கள். பெட்டிக்கு 300 ஜி.எஸ்.எம். போர்டு போதும். மேலே மேட் லேமினேஷன் போட்டால் கை அழுக்கு ஒட்டாது. டை கட்டிங்குக்கு முன்பு வெள்ளை அட்டையில் ஒரு டம்மி செய்து தரச் சொல்லி, உள்ளே வைக்கப்போகும் பொருள் எல்லாவற்றையும் வைத்து மூடிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மூடி உப்பிக்கொள்ளும். கூரியரில் அனுப்புவதற்கு வெளியே ஒரு கார்ட்டன் தேவை. அதைப் பற்றி பிரஸ்ஸில் கேட்காதீர்கள், கம்பத்தில் திராட்சை ஏற்றி அனுப்புபவர்களிடம் கேளுங்கள். எந்த மூலை முதலில் நசுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தமிழ் எழுத்து ஒரு தனிக் கதை. நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொடுப்பீர்கள். டி.டி.பி. செய்பவரிடம் இருப்பது பழைய எழுத்துரு. அவர் மாற்றும்போது எங்காவது ஓர் ஒற்று விழுந்துவிடும், அல்லது திரும்ப அடிக்கும்போது பிழை புகும். நீங்களே வடிவமைத்தாலும், படம் செய்யும் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை முடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு பின்னால் போய் நின்றுகொள்ளும். ஆகவே எழுத்தை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். எழுத்துருவுக்கு உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன் போன்றவை வணிகத்துக்கும் இலவசம். ப்ரூஃபைத் திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, வேறொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கடையில் விற்கும் பொதி எதுவானாலும் 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் பொருந்தும். செய்தவரின் பெயரும் முகவரியும், உள்ளே இருப்பது என்ன, எத்தனை, எந்த மாதம் எந்த ஆண்டு, எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச சில்லறை விலை எவ்வளவு, புகாருக்கு எந்த போன், எந்த மின்னஞ்சல் என்பதெல்லாம் அட்டையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். நான் விலையை விட்டுவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், விடுபட்டதைச் சேர்க்கவோ மாற்றவோ ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். முந்நூறு பெட்டியும் வீட்டுப் பரணுக்குப் போயின. அம்மா அவற்றில் கொலு பொம்மை அடுக்கி வைத்திருக்கிறார்.

பார்கோடு பெரிய கடைகளுக்குத்தான் தேவைப்படும். இந்தியாவில் அதை ஜிஎஸ்1 இந்தியா தருகிறது, எண் 890-ல் தொடங்கும். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பார்கோடு படத்தை அழகுக்காகப் போடாதீர்கள், பில் போடும்போது பிஸ்கட் விலை வரும். அதுபோல வெளிநாட்டுப் பெட்டிகளில் பார்க்கும் வயது முத்திரைகளையும், கன்சோல் நிறுவனங்களின் சின்னங்களையும் அனுமதி இல்லாமல் ஒட்டாதீர்கள்.

எங்கே விற்பது? தேனியில் கேமுக்கென்று போய்ப் பெட்டியை அடுக்கும்படியான கடையை நான் தேடவில்லை; புத்தகக் கடை, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, ஸ்டேஷனரி என்று மூன்றில் வைத்தேன். விற்றால் காசு, விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாடு. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்; ராட்டினத்தோடும் ஒலிபெருக்கியோடும் ஒரு லேப்டாப் போட்டிபோட முடியாது. மாவட்டப் புத்தகத் திருவிழா நல்ல இடம். அங்கே வருபவர்களுக்குப் பின்னட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் இருக்கிறது.

கட்டைவிரல் நகத்தில் ஒரு பெட்டி

உங்கள் கேமைப் பார்க்கும் நூறு பேரில் நிஜப் பெட்டியைத் தொடுபவர் ஒருவர் இருவர். மற்றவர்களுக்குப் பெட்டி என்பது ஸ்டீம் பட்டியலில் தெரியும் சிறிய படம்தான். அதை 462-க்கு 174 பிக்சலில் கேட்பார்கள், பட்டியலில் அது இன்னும் சுருங்கிக் கட்டைவிரல் நகம் அளவாகிவிடும். 'பள்ளத்தாக்கின் கடைசி நீர்ப்பாய்ச்சி' என்று தலைப்பு வைத்தால் அங்கே எறும்பு ஊர்ந்தது மாதிரி இருக்கும். 'வெண்பா' மூன்றே எழுத்து. புனேவின் நாடிங் ஹெட்ஸ் செய்த 'ராஜி' இரண்டே எழுத்து. ராஜியின் படத்தைப் பாருங்கள்: ஒரு சிறுமி, கையில் ஓர் ஆயுதம். கேமும் அதுதான், காணாமல் போன தம்பியைத் தேடிப் போகும் அக்கா. பரிசுச் சின்னங்களையும் பத்திரிகைப் பாராட்டுகளையும் இந்தப் படத்துக்குள் எழுத 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் அனுமதிப்பதில்லை. நல்லதாகப் போயிற்று.

போனில் அந்தப் படத்தை வைத்துக் கையை முழுதாக நீட்டிப் பாருங்கள். என்னவென்று தெரியவில்லை என்றால் ஓவியரிடம் திரும்பிப் போங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாரதிராஜா எடுத்த படங்களுக்குப் பிறகு தேனி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பச்சைச் சித்திரம் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது. வயல், மலை, தாவணி. நாமும் ஸ்கிரீன்ஷாட்டில் அதையே கொடுத்தால் பார்த்த படத்தையே திரும்பப் பார்த்த மாதிரி கடந்துபோவார்கள். என் கேமில் அதிகம் பகிரப்பட்ட ஸ்கிரீன்ஷாட், ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேர் ஒரு மடைப் பலகைக்காகச் சண்டை போடுவது.

"இதுல பணம் கட்டணுமா தம்பி?"

உள்ளூர் நிருபர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. தப்பு அவருடையதல்ல. தமிழ்ச் செய்தியில் 'ஆன்லைன் விளையாட்டு' என்றால் பல வருடங்களாக ரம்மி, கடன், தற்கொலை என்றுதான் பொருள். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு 2020-ல் பப்ஜி தடை. இந்த வரிசையின் கடைசியில்தான் நீங்கள் போய் நிற்கிறீர்கள். ஆகவே முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது, உள்ளே பந்தயம் இல்லை, பணம் வைத்து ஆடுவது இல்லை.

'விளையாட்டு' என்ற சொல்லுக்கு இன்னொரு வம்பும் உண்டு. பத்திரிகை அலுவலகத்தில் அந்தச் சொல் நேராகக் கிரிக்கெட் பக்கத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்த ஒருவரின் செய்தி மாவட்டக் கபடி முடிவுகளுக்குக் கீழே வந்தது. 'வீடியோ கேம்' என்றே எழுதுங்கள். தனித்தமிழ்க்காரர்கள் கோபித்தால் உள்ளே ஓரிடத்தில் 'கணினி விளையாட்டு' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செய்திக்கான கொக்கி. கம்பத்தில் பன்னீர் திராட்சை எவ்வளவோ காலமாகக் காய்க்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பழம் அதே பழம்தான், 'இன்று எழுதுவதற்கு' ஒரு காரணம் கிடைத்தது. உங்கள் கேம் வெளியாவது உங்களுக்குப் பெரிய நாள். பத்திரிகைக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை. என் தண்ணீர் கேமை முதலில் தீபாவளிக்கு வெளியிட்டேன், யாரும் சீண்டவில்லை. அடுத்த ஆண்டு தண்ணீர் திறக்கும் வாரத்தில் சின்னதாக ஒரு மேம்பாட்டைச் சேர்த்து அனுப்பினேன், இரண்டு இடத்தில் வந்தது. பென்னிகுயிக் பிறந்தநாளான ஜனவரி 15, ஏலக்காய் சீசன், வேறு எதுவோ, உங்கள் கேமின் பொருளுக்கு நம் ஊரில் ஒரு நாள் இருக்கும். கேலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். வார இதழ் என்றால் மூன்று வாரத்துக்கு முன்பே பேசுங்கள்.

நிருபருக்கு நேரமில்லை. 150 சொல்லுக்கு மிகாமல் நீங்களே செய்தியாக எழுதி, பெயர், வயது, ஊர், படிப்பு எல்லாம் சேர்த்து, படுக்கைவாட்டில் எடுத்த இரண்டு படத்தோடு வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'தேனி மாணவர் சாதனை' என்று தலைப்பு வரும், தடுக்க முடியாது. ஆனால் அந்தத் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். அது உங்களைப் பற்றிய செய்தி. கட்டிங்கை லேமினேட் செய்து வீட்டில் மாட்டலாம், கேம் விற்காது. கேமின் நாலு வரி உள்ளே எங்காவது முழுசாக வர வேண்டும். வராவிட்டால் போன் செய்து, "அண்ணே, மாமனார் வயல் விட்டுப்போச்சு" என்று கேட்கலாம். நான் கேட்டேன். மறுநாள் இணையப் பதிப்பில் சேர்த்தார்.

கேம் பக்கம் எழுதுபவர்களை மட்டுமே தேடுவதும் தவறு. தமிழில் அப்படி எழுதுபவர்கள் மிகக் குறைவு. வெண்பாவைப் பற்றி உணவு எழுதுபவர்கள் எழுதினார்கள், புலம்பெயர் வாழ்வைப் பற்றி எழுதுபவர்கள் எழுதினார்கள். தண்ணீர் கேம் என்றால் விவசாய இதழுக்கு அனுப்புங்கள். ராஜிக்கு 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட பணம் சேரவில்லை. அப்போது தெரிந்துகொண்டவர்களை அந்த அணி விட்டுவிடவில்லை. 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ தன் இண்டி நிகழ்ச்சியில் காட்டிய அதே நாளில் கேம் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் அறிமுக கேம் பிரிவின் பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தது.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மின்னஞ்சல்தான். பொருள் வரியில் கேமின் பெயரும் ஒரு வரி முதுகும். உள்ளே ஆறு விநாடி ஓடும் ஒரு ஜிஃப், கடைப் பக்கத்தின் இணைப்பு, ஒரு கீ, படங்கள் எல்லாம் கிடைக்கும் ஒரு பக்கத்தின் முகவரி. இந்தப் படப் பக்கத்தைச் செய்ய, நெதர்லாந்தின் விளாம்பீர் அணியைச் சேர்ந்த ரமி இஸ்மாயில் 'பிரஸ்கிட்' என்று ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்தார். அது இல்லாவிட்டாலும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போதும். உங்கள் வாழ்க்கை வரலாறு மூன்றாவது பத்திக்கு மேல் வரக் கூடாது.

வெளியீட்டு நாளில் உங்களுக்கே நிறைய மின்னஞ்சல் வரும். "எனக்கு லட்சம் சப்ஸ்கிரைபர், ஐந்து கீ வேண்டும்" என்று. பெரும்பாலானவர்கள் கீ-யை வாங்கி மறுவிற்பனைத் தளத்தில் தள்ளுபவர்கள். சேனலுக்குப் போய் அங்கே போட்டிருக்கும் முகவரியும் வந்த முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ஒரு புள்ளிதான் வித்தியாசம் இருக்கும். உண்மையானவராக இருந்தாலும் ஒரு கீ போதும்.

தமிழில் ஸ்ட்ரீம் செய்பவர்களுக்குக் கொடுக்கும்போது பாட்டைப் பற்றி யோசியுங்கள். பண்ணைப்புரம் நம் மாவட்டத்தில் இருக்கிறது, இளையராஜா பாட்டுப் போடாத டீக்கடை இல்லை, கேமில் வரும் டீக்கடையிலும் ஒரு பாட்டு ஓடட்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. உரிமை வாங்காமல் போட்டால் உங்களுக்கு வரும் வம்பு ஒருபுறம். விளையாடிக் காட்டுபவரின் வீடியோவுக்கு உரிமைக்கோரல் வந்து அவருடைய வருமானம் போகும். அடுத்த கேமுக்கு அவர் எட்டிப் பார்க்க மாட்டார்.

செய்தி வரும் நாளில் கடைப் பக்கம் திறந்திருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். ஸ்டீமில் 'விரைவில்' என்ற பக்கமே வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் வெளியில் இருந்தாக வேண்டும், ஆகவே முந்தின நாள் ராத்திரி தயாராவதெல்லாம் நடக்காது. போனையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் செய்தி வந்த அன்று பதினோரு அழைப்பு வந்தது. அதில் ஏழு பேர் விவசாயிகள், கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை. எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: "தம்பி, இதுல டேம் எத்தனை அடின்னு தெரியுமா?" அடுத்த அச்சில், முதுகின் கீழே, விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தோம்: 'அணை நீர்மட்டம் இதில் தெரியாது.'